வாலாட்டினால் வலியில்லை என்று அர்த்தமில்லை

பந்தைக் கண்டதும் பாய்கிற நாய்க்கு வலி இருக்காது என்று நினைப்பதுதான் ஓய்வுபெற்ற பணிநாய்களை வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு. மோப்ப நாயோ, காவல் நாயோ, மீட்புப் பணி நாயோ, ஆடு மடக்கும் நாயோ, எதுவானாலும் வலியைப் பொருட்படுத்தாமல் வேலையை முடிக்கும் குணத்துக்காகத்தான் அதைக் குட்டியிலேயே தேர்ந்தெடுத்திருப்பார்கள். பிறகு வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து அந்தக் குணத்தை இன்னும் கூர்தீட்டியிருப்பார்கள். எட்டு, ஒன்பது, பத்து வயதில் வேலை நின்றுவிடுகிறது, குணம் நிற்பதில்லை. இடுப்பு தேய்ந்த நாயும் பந்து பறந்தால் பின்னாலேயே பறக்கும். முனகல் எல்லாம் இரவில்தான். அதனால் நாயின் உற்சாகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அளந்து பாருங்கள்.

விளையாடும்போது பார்ப்பதில் பயனில்லை. விளையாடி முடித்து அரைமணி நேரம் படுத்துக் கிடந்த பிறகு எழுந்திருப்பதைப் பாருங்கள். முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறதா, முதல் பத்தடி விறைத்து நடந்து பிறகு சரியாகிறதா, உட்காரும்போது ஒரு தொடையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடக்கவிட்டு மொபைலில் வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று போதும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய வீடியோவோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும். கால்நடை மருத்துவரிடமும் அதைக் காட்டுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பணிநாய் நிமிர்ந்து நிற்கும், நொண்டவே நொண்டாது.

பின்னங்கால் நகங்களையும் மாதம் ஒருமுறை பாருங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகமும் மேல்பக்கமாகத் தேய்ந்திருந்தால், அது பாதத்தை முழுதாகத் தூக்காமல் தரையில் இழுத்து நடக்கிறது என்று பொருள். சொரசொரப்பான தரையில் நடக்கும்போது சரக் சரக்கென்று சத்தமும் கேட்கும். வயதான பணிநாய்களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, முதுகெலும்பு முடிந்து இடுப்போடு சேருமிடத்தில் நரம்புகள் நெருக்கப்படுவது. வண்டியில் தாவி ஏறுவதும், தடை தாண்டுவதும், பின்னங்காலில் நின்று எட்டுவதும் வருடக்கணக்கில் அந்த மூட்டைத் தேய்த்துவிடுகின்றன. ஜெர்மன் ஷெப்பர்டில் இது அதிகம். வாலின் அடியைத் தூக்கினாலோ அதற்கு மேலே முதுகில் அழுத்தினாலோ நாய் திரும்பிப் பார்க்கும். வண்டியில் ஏற ஒரு நொடி தயங்கும். இன்னொன்று, தண்டுவடமே மெல்ல மெல்லச் சிதைவது. இதில் வலி கிடையாது. பாதம் மடங்கி மேல்புறம் தரையில் பட்டாலும் நாய்க்குத் தெரியாது.

இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் முதலாவதற்கு வலி மருந்தும், ஓய்வும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. இரண்டாவதற்கு மருந்து இல்லை, தினசரி உடற்பயிற்சியால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். நாய் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பின்பாதத்தை மடக்கி மேல்புறம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே நிமிர்த்திக்கொள்ளும். இரண்டு மூன்று நொடி அப்படியே விட்டுவைத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடும் பழக்கத்தால் கைநழுவிப்போகும் நாய்கள் ஏராளம்.

வலி மருந்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலையும் ரத்தத்தையும் பாதிக்கும். நாய்களுக்கென்றே உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றையும் ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் தொடங்க வேண்டும், இடையிடையே மறுபடி பரிசோதிக்க வேண்டும். இவற்றோடு ஸ்டீராய்டு சேரவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நடுவில் சில நாள் இடைவெளி வேண்டும், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, தார்போலக் கறுத்த மலம், இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே பேசுங்கள். நரம்பு வலிக்குக் கபாபென்டின் எழுதிக் கொடுத்தால் மனிதர்களுக்கான சிரப்பை வாங்காதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். மீன் எண்ணெய் கொடுப்பவர்கள் கவனிக்க: காட் மீனின் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி மிகுதியாக இருப்பதால் தினமும் பெரிய அளவில் கொடுக்கக் கூடாது.

எந்த மருந்தையும்விட மூட்டுக்கு அதிகம் உதவுவது எடை குறைவு. 2002இல் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பாதிக்கு மற்ற பாதியைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் (அவற்றில் பாதி எட்டிய வயது) 13 வருடம், மற்றவற்றின் ஆயுள் 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

பணியிலிருந்து வரும் நாய் குண்டாவதற்குக் காரணம் எளிய கணக்குதான். 30 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளைக்குச் சுமார் 900 கலோரி வேண்டும். கடுமையாக வேலை செய்யும் காலத்தில் அதைப்போல மூன்று மடங்குவரை போகலாம். ஓய்வில் 1.2 முதல் 1.4 மடங்கு போதும், அதாவது 1,080லிருந்து 1,260 கலோரி. ஆக, தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, தட்டு மட்டும் பழையபடியே நிரம்புகிறது. மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். கொழுப்பு மிகுந்த பணிநாய்த் தீவனத்திலிருந்து சாதாரணத் தீவனத்துக்கு மாறுவதை ஏழிலிருந்து பத்து நாளில் கலந்து கலந்து செய்யுங்கள், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு நிச்சயம். பழைய தீவனத்தையே பாதியாக்குவது நல்ல வழியல்ல. சத்தும் பாதியாகிவிடும், நாயும் பசியோடு அலையும். கலோரி குறைவாக, புரதம் நிறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவரை குறைக்கக் கூடாது, தசை கரைந்துபோகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை போடுங்கள். குண்டாக இருந்தால் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைவது சரியான வேகம், இரண்டைத் தாண்டக் கூடாது. எடை மாறவில்லை என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கலாம். தையல் நாடாவால் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் நடுப்பகுதியில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு தொடை மட்டும் சிறுத்துக்கொண்டே வந்தால், அந்தக் காலில் எடை போடாமல் நாய் தவிர்க்கிறது.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தரை. வழவழப்பான தரையில் வயதான நாய்க்கு ஒவ்வொரு அடியும் சறுக்கல். சறுக்காமல் இருக்கத் தசையை இறுக்கிக்கொண்டே நடப்பதால் மாலைக்குள் உடம்பு நொந்துவிடும். படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், வாசல் மூன்றையும் இணைத்து அடியில் ரப்பர் உள்ள விரிப்பைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். நடுவில் ஓரடி விட்டாலும் அங்கேதான் விழும். நகத்தை வெட்டுவதோடு பாதத் திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியையும் கத்தரியுங்கள். படுக்கை அடர்த்தியான ஃபோமில், கனமான நாய்க்குக் குறைந்தது 10 செ.மீ. தடிமனில் இருக்கட்டும். உங்கள் முழங்காலை அதில் ஊன்றிப் பாருங்கள், தரை தட்டினால் நாயின் முழங்கைக்கும் தட்டும். கொட்டிலில் வளர்ந்த நாய் மெத்தையை விட்டுவிட்டு வெறும் தரையில் போய்ப் படுப்பதும் உண்டு. பெரும்பாலும் அதற்குச் சூடுதான் காரணம், மெத்தையை நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தினாலே சரியாகிவிடும்.

வண்டியில் ஏற்றச் சாய்வுப் பலகை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குட்டையானதை வாங்கி ஏமாறுகிறார்கள். வண்டியின் பின்தளம் 70 செ.மீ. உயரம் என்றால், ஒன்றரை மீட்டர் பலகை 28 டிகிரி சாய்வில் நிற்கும். வலியுள்ள நாய்க்கு அது சுவர் ஏறுவதைப் போன்றது. 20 டிகிரிக்குள் வைக்க இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். அகலம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், நாய் ஏறும்போது பலகை அதிரவும் கூடாது. முதலில் தரையில் கிடத்தி அதன்மேல் நடக்கப் பழக்குங்கள், பிறகு ஒரு படிக்கட்டில் சாய்த்து, கடைசியில் வண்டியில். ஏறுவதைவிட இறங்குவது கடினம். குதித்து இறங்கினால் முன்னங்கால்களும் தோளும் முழு எடையையும் வாங்குகின்றன. பழக்கதோஷத்தில் நாய் பாதியிலேயே தாவும், ஆகவே இறங்கும்போது மார்புப்பட்டையில் கை இருக்கட்டும்.

நடையைப் பிரித்துக் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம், 15 நிமிடம் நாளுக்கு மூன்று முறை. தினமும் ஒரே அளவு. வாரநாளில் சும்மா கிடந்து விடுமுறையில் மலை ஏறுவதுதான் மிக மோசம். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. மறுநாள் காலை விறைப்பு அதிகமானால் முந்தைய நாள் அளவு கூடிவிட்டது, மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தசையைக் காப்பாற்ற, உட்கார்ந்து எழுவதை ஐந்து முறை, நாளுக்கு இரண்டு தடவை செய்ய வைக்கலாம், இடுப்பு வலி இல்லாவிட்டால் மட்டும். இருந்தால், 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் நான்கைந்து கம்புகளைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றாக மெல்லத் தாண்டி நடக்கவையுங்கள். பாதத்தை எங்கே வைக்கிறோம் என்ற கவனம் அதனால் திரும்பும். பந்தை வானத்தில் எறிவதை முற்றாக நிறுத்திவிடுங்கள். எகிறி, உடம்பை முறுக்கி, ஒற்றைக் காலில் இறங்குவதற்கு அந்த முதுகில் இனி இடமில்லை. உருட்டிவிடுங்கள், அல்லது ஒளித்து வையுங்கள்.

ஒளித்து வைப்பதுதான் நல்லது, ஏனென்றால் ஓய்வுபெறுவது உடம்பு மட்டும். பத்து வருடம் தினமும் தேடிய மூக்குக்கு ஒரு நாளில் வேலையில்லை என்றால் நாய் சோர்ந்து கிடக்கும், அல்லது கதவைப் பிறாண்டும், வாலைக் கடிக்கும். பணியில் தேடப் பழகிய பழைய வாசனையைப் பயன்படுத்த வேண்டாம். ரப்பர் பொம்மையின் ஒரு துண்டை ஓட்டை போட்ட தகர டப்பாவில் போட்டு ஒரு அறையில் மூன்று இடத்தில் வையுங்கள். வாசனை பரவப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு நாயை அவிழ்த்துவிடுங்கள். ஐந்து நிமிடத் தேடல், நாளுக்கு இரண்டு முறை. டப்பா நாயின் மார்பு உயரத்துக்கு மேலே போகக் கூடாது, எட்டிப் பார்க்கப் பின்னங்காலில் நின்றால் அடிமுதுகுக்குக் கேடு. கண்டுபிடித்ததை உட்கார்ந்து காட்டும் பயிற்சி பெற்ற நாயாக இருந்தால், உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நின்றபடி உறைந்து டப்பாவில் மூக்கை வைத்தாலே பரிசு கொடுங்கள். ஒவ்வொரு தேடலிலும் பலமுறை உட்கார்ந்து எழுவது இடுப்பு நோயுள்ள நாய்க்குத் தண்டனை. மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. தேடத் திணறினால் முதலில் இரைப்பு அடங்கட்டும். எந்தத் தேடலும் கண்டுபிடிப்பில்தான் முடிய வேண்டும், நாய் சோர்ந்துவிட்டால் எளிதான ஒன்றை வைத்து முடியுங்கள்.

ஆடு மடக்கிய நாய்க்குச் சமதரையில் சாதுவான நாலைந்து ஆடுகளோடு பத்து நிமிடம் போதும். வழிகாட்டி நாயின் சிக்கல் வேறு. அது ஒருவரை விட்டு ஒரு மணி நேரம்கூடப் பிரிந்திருக்காது, தனியாக இருப்பதை நிமிடக் கணக்கில் தொடங்கிப் பழக்க வேண்டும். வீட்டில் புது நாய் வேலைக்கு வந்துவிட்டால், பழைய நாயின் கண்முன்னே புதியதுக்குப் பட்டையை மாட்டாதீர்கள். அந்த நேரத்தில் பழைய நாய்க்கும் வேறு அறையில் ஒரு தேடல் நடக்கட்டும்.

கொட்டிலிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் நாய்க்கு, வயது பத்தானாலும், வீடு புதிது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, மிக்சி சத்தம் எதையும் கண்டிருக்காது. சிறுநீருக்கு வெளியே போக வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கலாம். குட்டிக்குப் பழக்குவதைப்போல இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போங்கள். திட்டினால் ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். முதல் மூன்று நான்கு வாரம் விருந்தாளிகளைத் தவிர்த்து, பழைய நேர அட்டவணையையே தொடருங்கள். கொண்டுவரும் முன்பே அதைக் கையாண்டவரிடம் எழுதி வாங்குங்கள்: கட்டளைச் சொற்கள், பழைய காயங்கள், எக்ஸ்ரேக்கள், எந்தச் சத்தத்துக்கு மிரளும், எதைக் கண்டால் சீறும், பொம்மையை எப்படி விடவைப்பது.

கடிக்கப் பழக்கப்பட்ட காவல் நாய் என்றால் அந்தக் காகிதம் இன்னும் முக்கியம். தாக்கும் கட்டளைச் சொல்லை வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அதன்முன் மல்லுக்கட்டி விளையாடுவது, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சீண்டுவது எல்லாமே கூடாது. பொம்மையைப் பிடுங்காதீர்கள், அதே மாதிரி இன்னொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கூடை வடிவ வாய்மூடியை உள்ளே உணவு தடவிப் பொறுமையாகப் பழக்கிவிட்டால், பிற்பாடு வலியோடு மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் நாளில் எல்லோருக்கும் உதவும். குழந்தைகள் உள்ள வீட்டில் தூங்கும் நாயின் பக்கம் யாரும் போகாதபடி அதன் இடத்தைத் தடுத்து வையுங்கள். வலியும் காதுகேளாமையும் சேர்ந்த நாய் திடுக்கிட்டு விழித்தால், யாரென்று பார்க்கும் முன்பே வாய் முந்திவிடும். எழுப்ப வேண்டுமானால் தரையைக் காலால் தட்டி அதிர்வு கொடுங்கள்.

காது நன்றாகக் கேட்கும்போதே கைச்சைகை கற்றுக்கொடுப்பது புத்திசாலித்தனம். முதலில் சைகை, அரை நொடி கழித்துச் சொல். வரிசை மாறினால் நாய் சைகையைக் கவனிக்காது. இரண்டு மூன்று வாரத்தில் சொல்லே தேவைப்படாது. கண்ணில் நீலச் சாம்பல் படலம் தெரிந்தால் எல்லாமே கண்புரை அல்ல. லென்ஸ் வயதில் கெட்டியாவதும் அப்படித்தான் தெரியும், பார்வை பெரிதாகக் குறையாது. இரவில் எழுந்து அறை மூலையில் நின்றுவிடுவது, தெரிந்தவர்களைத் தெரியாததுபோல் பார்ப்பது, பகலும் இரவும் தலைகீழாவது ஆகியவை மூளை மூப்பின் அறிகுறிகள். ஆனால் வலியும் இரவில் நடமாட வைக்கும். முதலில் வலிக்கு மருத்துவம் செய்து பார்த்த பிறகே அடுத்த முடிவுக்கு வாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், பல், கூடவே வயிற்று ஸ்கேன். பணிநாய்களின் கோரைப்பற்கள் உடைந்தும், கூண்டுக் கம்பியைக் கடித்துத் தேய்ந்தும் இருக்கும். உடைந்த பல்லின் நடுவில் சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் உள்நரம்பு திறந்துவிட்டது. நாய் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும், வலியும் இருந்துகொண்டேதான் இருக்கும். தோலடிக் கட்டி ஒரு செ.மீ.யைத் தாண்டினாலோ ஒரு மாதத்துக்கு மேல் நின்றாலோ ஊசியில் எடுத்துப் பரிசோதியுங்கள். குடிக்கும் தண்ணீர் நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மி.லி.யைத் தாண்டினால் அது நோய். தூங்கும்போது மூச்சை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், 30க்கு மேலே தொடர்ந்து இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வயதான லாப்ரடாரின் குரைப்பு கரகரத்து, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளை சரியாகத் திறக்கவில்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றி மார்புப்பட்டைக்கு மாறுங்கள், வெயிலில் நடத்தாதீர்கள்.

இரண்டு விஷயத்துக்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது. வயிறு உப்பி, ஒன்றும் வெளியே வராமல் திரும்பத் திரும்ப ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. திடீரென்று சரிந்து, ஈறு வெளுத்து, ஒரு மணி நேரத்தில் தேறி எழுந்தால் மண்ணீரல் கட்டி கசிந்திருக்கலாம். தேறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த கசிவு பெரிதாக இருக்கும்.

படுத்த படுக்கையானால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள், சிறுநீர் நனைந்த தோலைக் கழுவி உலர்த்துங்கள், பின்பகுதியில் கைப்பிடி உள்ள பட்டையால் தாங்கி நிறுத்துங்கள். எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதை, நாய் நல்ல நிலையில் இருக்கும்போதே மருத்துவரோடு பேசி எழுதி வையுங்கள். பணிநாய்க்குச் சாப்பாடும் வாலாட்டலும் அளவுகோல் அல்ல, கடைசி நாளிலும் பந்தை வாயில் வாங்கும். இரவு தூங்குகிறதா, தானாக எழுகிறதா, தன்மேலேயே நனைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா, மூச்சு இரைக்காமல் படுக்க முடிகிறதா என்று நாள்காட்டியில் தினமும் குறியுங்கள். கெட்ட நாள்கள் நல்ல நாள்களைத் தாண்டுவது அதில் தெரிந்துவிடும். மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்க முடிந்தால் நல்லது. முதலில் மயக்க ஊசி போட்டு, அது நன்றாக வேலை செய்யும்வரை காத்திருந்து, பிறகு கடைசி ஊசி போடச் சொல்லுங்கள். பணியில் நாயைக் கையாண்டவருக்கு எல்லாம் முடிந்த பிறகு சொல்லாதீர்கள், முன்பே சொல்லி வரவழையுங்கள். நாய்க்குக் கண்ணும் காதும் போயிருந்தாலும் அவர் வாடை தெரியும்.